மூன்றாம் துருசு

இங்கே கடல் பெரிதாக ஏறுவதில்லை.
வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில்
இரண்டு சாண்.
அந்த இரண்டு சாணுக்காகத்தான்
நாலு கிலோமீற்றர் கட்டு,
ஏழு துருசு,
துருசுக்கொரு திறப்பு,
அத்தனை திறப்புக்கும் ஒரு கனகசூரியம்.

என் துண்டு கட்டோரம்.
ஒன்றேகால் ஏக்கர்.
உறுதியில் கிழக்கெல்லை
'கடல்' என்றிருக்கிறது.
நொத்தாரிசு ஒரு சொல்லோடு முடித்துவிட்டார்.
நான்தான் தினமும் காலையில் போய்
எல்லை நகர்ந்ததா என்று பார்க்கிறேன்.

பெருக்கு நேரத்தில்
தோணியில் போகிறவன்
என் பயிரைக் குனிந்து பார்க்கிறான்.
அவ்வளவு பள்ளம்.

முதல் மூன்று போகமும் மண் வெள்ளை பூத்தது.
மழைத்தண்ணீர் கட்டி, வடித்து,
மறுபடி கட்டி, வடித்து,
நாலாம் போகம் பதினொரு மூடை.
சோறு கரிக்குது என்றாள் மகள்.
இல்லை என்று சொல்லிவிட்டு
அன்றிரவு கறிக்கு
உப்பைக் குறைத்துப் போட்டேன்.

நண்டுகளிடம் உறுதி இல்லை.
கட்டைத் துளைத்துத் துளைத்து
பழைய வீட்டுக்கு வழி தேடுகின்றன.
அவற்றைப் பிடிக்க
கிண்ணியாவிலிருந்து முசம்மில் வருவான்.
கண்டல் வேருக்குள் கம்பியை விட்டபடி
ஒருநாள் சொன்னான்:
"தெய்வானக்கா,
நீங்க நாத்து நட்ட இடத்திலதான்
எங்கட வாப்பா வலை எறிஞ்சவர்.
இறால் குஞ்சு வளர்ந்த இடம் இது.
இப்ப அதுகள் எங்க போறது?"
என்னிடம் பதில் இருக்கவில்லை.
அரைக் கிலோ நண்டு வாங்கினேன்.
விலை பேசவில்லை.

மார்கழியில்
மூன்று நாள் விடாமல் பெய்தது.
கந்தளாய்ப் பக்கம் வான் பாய்ந்ததாம்.
தண்ணீர் இந்த முறை
முதுகுப் பக்கமிருந்து வந்தது.
கடலைத் தடுக்கக் கட்டிய கட்டு
எங்கள் வெள்ளத்தைத் தடுத்துக்கொண்டு நின்றது,
சொன்ன வேலையை மட்டும் செய்கிற
அரசாங்க உத்தியோகத்தர்போல.

குடலைப் பருவத்துப் பயிர்.
நுனி மட்டும் தெரிந்தது.
திறந்தால் உப்பு.
திறக்காவிட்டால் அழுகல்.
பெக்கோவுக்குப் போன் அடித்தோம்;
பெக்கோவும் எங்கோ
வெள்ளத்தில் நின்றது.

கனகசூரியம்
துருசின் மேல் குந்தியிருந்தார்,
கோடு கீறிய தடியைத்
தண்ணீரில் விட்டு விட்டு எடுத்தபடி.
தூரத்தில் சீனன்குடா விளக்குகள்
மழைக்குள் கரைந்துகொண்டிருந்தன.
இத்தனை காலம்
வராதே, வராதே என்று பார்த்த கடலை
அன்றிரவு எல்லோரும்
போ, கொஞ்சம் கீழே போ என்று
பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணியளவில் முசம்மில் வந்தான்,
தோணியை வெளிப்புறம் கட்டிவிட்டு.
"மூணரைக்கு வத்தும்.
வாடைக்காத்து தள்ளுது,
இன்னும் கொஞ்சம் சுணங்கும்."

நாலு மணிக்குக் கனகசூரியம் தடியைத் தூக்கினார்.
மூன்றாம் துருசுக்குத் திறப்பு விழுந்தது.
கதவு அசையவில்லை.
ஐந்து பேர் தொங்கியும்
துரு மட்டும்தான் கையோடு வந்தது.

அப்போதுதான் முசம்மில்
கட்டோரம் டோர்ச் அடித்துக்கொண்டு நடந்து
ஓரிடத்தில் நின்றான்.
"இங்க வெட்டுங்க.
பாதி வேலைய நண்டு முடிச்சிட்டுது."

முதல் மண்வெட்டி யாருடையது என்று
பிறகு கமநல சேவைக் காரியாலயத்தில் விசாரித்தார்கள்.
இருட்டு, சேர், என்றோம்.

தண்ணீர் போன சத்தத்தை
எதற்கு ஒப்பிடுவது?
பெரிய மிருகம் ஒன்று
தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது.
குடித்தது, குடித்தது,
வயலின் வரம்புகள் ஒவ்வொன்றாக
முதுகு காட்டின.

விடியும் முன் மூட வேண்டும்.
மண் மூடை போதவில்லை.
உரப் பை, மா ஆலைச் சாக்கு,
யாரோ கழற்றிக் கொடுத்த படங்கு.
பெருக்கு திரும்பி வந்து
வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தபோது
நாங்கள் இடுப்பளவு சேற்றில்
மூடைகளுக்கு முட்டுக்கொடுத்து நின்றோம்.
கொஞ்சம் உள்ளே வந்தது.
கொஞ்சம்தான்.

வெளிச்சம் வந்ததும்
என் துண்டைப் பார்த்தேன்.
சாய்ந்த பயிருக்கு நடுவே
ஒரு பள்ளத்தில்
கண்ணாடித் துண்டுகளாய்
நாலைந்து இறால் குஞ்சு.

முசம்மில் குனிந்தான்.
கையைத் தண்ணீரில் வைத்தான்.
எடுக்கவில்லை.

"கிடக்கட்டும்" என்றான்.

யார் இடத்தில் யார் கிடக்கட்டும் என்று
நான் கேட்கவில்லை.